ஜன்னலுக்கு வெளியே இன்னொரு காது

"ஏதாவது கிடைச்சுதா?"

வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் ரேடியோ வானியலாளர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "இல்லை" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அறுபது வருஷமா ஒண்ணுமே கிடைக்கலைன்னா, அப்புறம் என்னதான் பண்ணிட்டு இருக்காங்க?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும். இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்ச காலமாக இந்தத் துறையின் வரலாற்றை வாசித்து வருகிறேன். வெற்றிகளை வரிசைப்படுத்தி எழுத முடியாத வரலாறு இது. ஆனால் அதற்குள் வேறொரு வரிசை இருக்கிறது. கேட்டது போலிருந்து, பிறகு இல்லையென்று ஆகிப்போன குரல்களின் வரிசை. அந்தப் பொய்க் குரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான், இவர்கள் இத்தனை வருஷமாக என்ன செய்கிறார்கள் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

*

1899இல் நிக்கோலா டெஸ்லா, அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, மின்னல் புயல்களைத் தன் கருவிகளால் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். ஓர் இரவு, ஒழுங்கான சில துடிப்புகள் அவர் கருவியில் பதிவாயின. யாரோ எண்ணுவதைப் போன்ற ஒழுங்கு. 1901இல் 'கோலியர்ஸ்' வார இதழில் இதைப் பற்றி எழுதினார். ஒரு கிரகம் இன்னொரு கிரகத்துக்குச் சொன்ன வணக்கத்தை முதலில் கேட்டவன் தானோ என்ற எண்ணம் தனக்குள் வலுத்து வருவதாகச் சொன்னார். கேட்டவர் ஒருவர். கருவி ஒன்று. சரிபார்க்க வழியில்லை. டெஸ்லா மாபெரும் மேதை, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் மேதைமை மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு என்பதை அந்த இரவு காட்டியது.

முப்பது ஆண்டுகள் கழித்து நியூ ஜெர்சியில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளருக்கு பெல் ஆய்வகம் ஒரு வேலை கொடுத்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசும் ரேடியோ தொலைபேசியில் இரைச்சல் வருகிறது, அது எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க வேண்டும். நட்சத்திரங்களுக்கும் அந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபோர்டு டி மாடல் காரின் சக்கரங்கள் மேல் ஒரு நீண்ட ஆன்டெனாவைப் பொருத்தி, குடை ராட்டினம் மாதிரி சுற்ற விட்டார். பக்கத்து இடி ஓர் இரைச்சல், தூரத்து இடி இன்னோர் இரைச்சல். மூன்றாவதாக ஒன்று, விடாமல், சன்னமாக, 'ஸ்ஸ்ஸ்' என்று.

முதலில் அது சூரியன் என்று நினைத்தார். ஆனால் மாதங்கள் போகப்போக அந்த ஒலி சூரியனை விட்டு விலகியது. ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. 23 மணி 56 நிமிடம் என்பது நட்சத்திரங்களின் நாள். அப்படியானால் மூலம் சூரிய மண்டலத்துக்கு வெளியே, பால்வீதியின் நடுப்பகுதி இருக்கும் தனுசு ராசித் திசையில். 1933 மே 5 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' இதை முதல் பக்கத்தில் போட்டது.

எனக்குப் பிடித்த விவரம் அந்தச் செய்திக்குள் இருக்கிறது. இது ஏதோ அறிவுள்ள உயிர்கள் அனுப்பும் சமிக்ஞை என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை என்று ஜான்ஸ்கி சொன்னதையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள். யோசித்துப் பாருங்கள். ரேடியோ வானியல் என்ற துறைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பிறந்த அன்றே "இது அவங்க இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது.

பெல் ஆய்வகம் ஜான்ஸ்கியை வேறு வேலைக்கு மாற்றியது. 1950இல் 44 வயதில் இறந்துபோனார். விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளின் வலிமையை அளக்கும் அலகு இன்று அவர் பெயரில் இருக்கிறது. அது எவ்வளவு சின்ன அலகு என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒரு சாதாரண செல்போனைக் கொண்டுபோய் நிலாவில் வைத்து இயக்கினால், பூமியிலிருந்து பார்க்கும்போது வானிலேயே மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றாக அது தெரியும். அத்தனை மெல்லிய அலைகளைப் பிடிக்கிற காதுகளுக்கு நடுவில்தான் நம் மோட்டார்களும் ரேடார்களும் விமானங்களும் கத்திக்கொண்டிருக்கின்றன. பொய்க் குரல்களின் பிறப்பிடம் அதுதான்.

*

1959 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஜுசெப்பே கொக்கோனி, ஃபிலிப் மாரிசன். பிரபஞ்சத்தில் மிக அதிகமாக இருக்கும் தனிமம் ஹைட்ரஜன். அது 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ அலைகளை உமிழ்கிறது. ரேடியோ வானியல் தெரிந்த எந்த நாகரிகத்துக்கும் அந்த எண் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாத இருவர் ஓர் ஊரில் சந்திக்க வேண்டும், இடம் பேசிக்கொள்ளவில்லை என்றால், இருவருமே மணிக்கூண்டுக்குக் கீழேதானே போய் நிற்பார்கள்? 1420 அந்த மணிக்கூண்டு. வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முடியாது, ஆனால் தேடவே இல்லையென்றால் அது பூஜ்யம் என்று கட்டுரையை முடித்திருந்தார்கள்.

அந்தக் கட்டுரை வருவதற்கு முன்பே, மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் ஃபிராங்க் டிரேக் அதே யோசனையோடு கருவி கட்டிக்கொண்டிருந்தார். வயது 29. திட்டத்துக்கு 'ஓஸ்மா' என்று பெயர் வைத்தார், ஓஸ் கதைகளில் வரும் இளவரசியின் பெயர். 1960 ஏப்ரல் 8 அன்று விடிகாலையில் 26 மீட்டர் விட்டமுள்ள டிஷ்ஷை டாவ் செட்டி என்ற நட்சத்திரத்தை நோக்கித் திருப்பினார்கள். அது மறையும்வரை ஒன்றுமில்லை. அடுத்து எப்சிலான் எரிடானி. திருப்பிய சில நிமிடங்களிலேயே காகிதத்தில் கோடு போடும் பேனா எகிறியது. ஸ்பீக்கரில் விநாடிக்கு எட்டுத் துடிப்புகள், அவ்வளவு ஒழுங்காக.

இவ்வளவு சுலபமா என்று தோன்றியதாக டிரேக் பிறகு சொல்லியிருக்கிறார். டிஷ்ஷை நட்சத்திரத்தை விட்டு விலக்கினார்கள், துடிப்பு நின்றது. திரும்பவும் நட்சத்திரத்துக்குக் கொண்டுவந்தார்கள். துடிப்பு வரவில்லை. இப்போது என்ன செய்வது? நட்சத்திரத்திலிருந்து வந்ததா, தற்செயலா? எதையும் சொல்ல முடியாது.

அப்போது டிரேக் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ஒரு சின்ன ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இன்னொரு ரிசீவரோடு இணைத்து வைத்தார். பெரிய டிஷ் ஒரே திசையில் கூர்ந்து கேட்கும். சின்ன ஆன்டெனா எல்லாப் பக்கமும் கேட்கும், ஆனால் அதற்குக் காது மந்தம். பத்து ஒளியாண்டு தாண்டி வரும் முணுமுணுப்பு அதற்கு எட்டவே எட்டாது. எனவே இரண்டிலும் ஒரே துடிப்பு கேட்டால், சத்தம் போடுவது பக்கத்து வீட்டுக்காரர். சில நாட்கள் கழித்துத் துடிப்பு திரும்ப வந்தது. இரண்டு காதிலும் கேட்டது. உயரத்தில் பறந்த ஏதோ விமானமாக இருக்கலாம் என்று டிரேக் கருதினார்.

தன் வாழ்நாளின் மிகப் பெரிய ஆசை ஸ்பீக்கரில் துடித்துக்கொண்டிருக்கும்போது, அதைப் பொய்யாக்கக்கூடிய ஒரு கருவியைத் தன் கையாலேயே ஜன்னலில் பொருத்துவதற்கு ஒரு மனசு வேண்டும். டெஸ்லாவின் இரவுக்கும் டிரேக்கின் பகலுக்கும் நடுவில் நடந்த மாற்றம் அதுதான்.

*

ஆனால் சந்தேகப்படுவது மட்டுமே இந்தத் தொழில் இல்லை. 1967இல் கேம்பிரிட்ஜில் நடந்த கதை அதன் மறுபக்கம்.

வட அயர்லாந்திலிருந்து வந்த ஆய்வு மாணவி ஜோஸ்லின் பெல், தன் வழிகாட்டி ஆண்டனி ஹூயிஷின் கீழ் கட்டப்பட்ட ஒரு புதிய தொலைநோக்கியில் வேலை செய்தார். தொலைநோக்கி என்றால் டிஷ் கிடையாது. நாலரை ஏக்கர் வயல் முழுக்கக் கம்பங்களும் கம்பிகளும், 2048 ஆன்டெனாக்கள். கம்பம் அடித்ததில் பெல்லுக்கும் பங்கு உண்டு. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மீட்டர் காகிதத்தில் கோடு போட்டுத் தள்ளும். அத்தனையையும் கண்ணால் பார்ப்பது அவர் வேலை.

ஆகஸ்ட் மாதக் காகிதத்தில் கால் அங்குலம் அளவுக்கு ஒரு கிறுக்கல். நட்சத்திரம் போலவும் இல்லை, மனிதர்கள் கிளப்பும் இரைச்சல் போலவும் இல்லை. 30 மீட்டரில் கால் அங்குலம். விட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெல் விடவில்லை. பழைய சுருள்களைப் பிரித்துப் பார்த்தார். வானில் அதே இடத்திலிருந்து அதே கிறுக்கல், நட்சத்திர நாள் கணக்கில் தவறாமல். நவம்பர் 28 அன்று காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது கிறுக்கல் பிரிந்து, 1.33 விநாடிக்கு ஒன்றாகத் துடிப்புகள் தெரிந்தன.

அவ்வளவு துல்லியமான துடிப்பை எந்த நட்சத்திரமும் தரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பாதி விளையாட்டாக, பாதி விளையாட்டில்லாமல், அதற்கு எல்.ஜி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள். 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஹூயிஷ் ஒரு சோதனை செய்தார். அனுப்புகிறவர்கள் ஒரு கிரகத்தில் இருந்தால், அந்தக் கிரகம் தன் சூரியனைச் சுற்றும்போது துடிப்புகளின் இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைய வேண்டும். பூமி சுற்றுவதால் வரும் மாற்றம்தான் தெரிந்தது. வேறெதுவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பு, இதை எப்படி வெளியே சொல்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெல்லுக்கு அன்று எரிச்சல்தான். ஆராய்ச்சிப் பட்டம் வாங்க உதவித்தொகைக் காலம் கரைந்துகொண்டிருக்கிறது, இந்தப் பச்சை மனிதர்களுக்குத் தன் ஆன்டெனாதானா கிடைத்தது என்று. அந்த ராத்திரியே இன்னொரு சுருளைப் பார்த்தார். வானின் வேறொரு மூலையில் இன்னொரு கிறுக்கல். அதுவும் துடித்தது, 1.2 விநாடிக்கு ஒருமுறை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூலையிலிருந்து, இரண்டு கூட்டம், ஒரே சமயத்தில், ஒரே அலைவரிசையில் நமக்குச் செய்தி அனுப்பாது. இது இயற்கை. பல்சர் என்று இன்று நாம் சொல்லும், வெடித்த நட்சத்திரத்தின் சுழலும் எச்சம். 1974 நோபல் பரிசு ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது, பெல்லுக்கு இல்லை. 2018இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசை ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கென்று அவர் அப்படியே கொடுத்துவிட்டார்.

முறத்தில் நெல் புடைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பதர் பறக்க வேண்டும், ஆனால் மணி ஒன்றுகூடச் சிதறக் கூடாது. ஓங்கித் தட்டினால் இரண்டும் போய்விடும், பயந்து தட்டினால் இரண்டும் தங்கிவிடும். டிரேக் பதரை வெளியேற்றினார். பெல் மணியை விடவில்லை. இரண்டும் ஒரே கைப்பழக்கம்தான்.

*

புடைத்துப் பார்க்கவே முடியாமல் முறத்தில் தங்கிப்போனதும் ஒன்று உண்டு.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநோக்கிக்கு 'பெரிய காது' என்று செல்லப் பெயர். அரசு நிதி நின்றுபோன பிறகு, 1973 முதல் அதைத் தேடலுக்குப் பயன்படுத்தினார்கள். பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அது இப்படி அப்படித் திரும்பாது. பூமி சுழலச் சுழல வானம் அதன் பார்வையைக் கடந்து போகும். ஒரு நட்சத்திரம் அந்தப் பார்வைக்குள் நுழைந்து வெளியேற 72 விநாடி.

1977 ஆகஸ்ட் 15 இரவு, கணினி காகிதத்தில் எண்களை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சில நாள் கழித்து ஜெர்ரி ஏமன் என்ற தன்னார்வலர் அந்தத் தாள்களைப் புரட்டினார். பக்கம் முழுக்க ஒன்று, இரண்டு என்று சின்ன எண்கள், அதாவது வெறும் இரைச்சல். நடுவில் ஒரே ஒரு வரிசை: 6, இ, க்யூ, யு, ஜே, 5. ஒன்பதுக்கு மேல் போனால் எழுத்துகளில் அச்சாகும். யு என்றால் இரைச்சலைப் போல முப்பது மடங்கு. ஏறி இறங்கிய விதம் வானில் நிலையாக இருக்கும் ஒரு புள்ளிக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. அலைவரிசை 1420க்குப் பக்கத்தில். ஏமன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார்.

அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு பார்வைகள் உண்டு, ஒன்று கடந்த சில நிமிடத்தில் இன்னொன்று அதே இடத்தைக் கடக்கும். ஒன்றில்தான் வந்தது, மற்றதில் இல்லை. பிறகு எத்தனையோ தடவை அதே இடத்தைத் தேடினார்கள். திரும்ப வரவில்லை. ஏமன் ஒருபோதும் "அவங்கதான்" என்று சொல்லவில்லை. அரைகுறைத் தகவலிலிருந்து பெரிய முடிவு எடுக்கக் கூடாது என்பதுதான் அவர் நிலைப்பாடு. 'பெரிய காது' இருந்த நிலத்தை ஒரு மனை வணிக நிறுவனம் வாங்கியது. 1998இல் தொலைநோக்கியை இடித்தார்கள். பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தை விரிவாக்க இடம் வேண்டியிருந்தது.

*

1992 அக்டோபர் 12, கொலம்பஸ் கரை சேர்ந்து 500 ஆண்டுகள் நிறைந்த நாளில் நாசா ஒரு பெரிய தேடலைத் தொடங்கியது. ஓராண்டுக்குள் நெவாடா செனட்டர் ரிச்சர்ட் பிரையன் முன்கை எடுக்க, காங்கிரஸ் அதன் நிதியை நிறுத்திவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் பச்சை மனிதர்களைப் பிடிக்கப் போகிறார்களாம் என்ற கேலிதான் அதற்கு வினையானது. ஜில் டார்ட்டரும் சகாக்களும் தனியாரிடம் பணம் திரட்டி, 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் அதை உயிர்ப்பித்தார்கள்.

1997 ஜூனில் அவர்கள் கிரீன் பேங்கில் இருந்தார்கள், டிரேக் இருந்த அதே ஆய்வகம். ஒரு சமிக்ஞை வந்தது. டிஷ்ஷை விலக்கினால் மறைந்தது, திருப்பினால் வந்தது. டிரேக்கின் முதல் சோதனையில் அது தேறிவிட்டது. சரிபார்ப்பதற்கென்றே ஜார்ஜியாவில் இரண்டாவது தொலைநோக்கி வைத்திருந்தார்கள், நவீன 'ஜன்னல் ஆன்டெனா' அது. அன்று பார்த்து அது வேலை செய்யவில்லை. மணிக்கணக்காகப் பதற்றம். கடைசியில் தெரிந்தது: சூரியனை ஆராய மனிதர்கள் அனுப்பிய சோஹோ விண்கலம். தொலைநோக்கியின் ஓரப் பார்வையில் அது தற்செயலாகச் சிக்கியிருந்தது. வெளியிலிருந்து வந்த குரல்தான், ஆனால் நம் குரல்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் இதைவிட வேடிக்கை. 1998 முதல் சில விசித்திர வெடிப்புகள் பதிவாகியிருந்தன. பெரும்பாலும் பகலில், வேலை நேரத்தில். நிழலில் மட்டும் மனித உருவம் தெரியும், சிறகு முளைத்த மான் ஒன்றைப் பற்றி போர்ஹெஸ் எழுதியிருக்கிறார். அதன் பெயரையே வைத்தார்கள்: பெரிடான். 13 பார்வைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்ததால் அது பக்கத்திலிருந்துதான் வருகிறதென்று தெரியும். எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. 2015இல் எமிலி பெட்ராஃப் குழு விடை சொன்னது. ஊழியர்கள் சாப்பாடு சூடு பண்ணும் மைக்ரோவேவ் அவன்! 'டிங்' அடிக்கும்வரை பொறுக்காமல் கதவைத் திறந்தால், அந்த நொடியில் ஒரு வெடிப்பு வெளியேறும்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இதில் சிரிக்க முடியாத பாதியும் இருக்கிறது. 2007இல் டங்கன் லாரிமரும் அவர் சகாக்களும், அதே பார்க்ஸ் தொலைநோக்கியின் பழைய பதிவுகளில், பால்வீதிக்கு வெகு அப்பாலிருந்து வந்த ஒரு நொடிநேர ரேடியோ வெடிப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெரிடான்களைப் பார்த்த பிறகு, அதையும் சிலர் சந்தேகித்தார்கள். அவனைக் கையும் களவுமாகப் பிடித்ததால்தான் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. இன்று அத்தகைய வெடிப்புகளை ஆராய்வது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. பதரை இனம் கண்டுகொண்டதால் மணி பிழைத்தது.

கடைசியாக ஒன்று. 2019இல் அதே பார்க்ஸ், நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான ப்ராக்ஸிமா சென்டாரியைப் பார்த்தபோது, 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடு. விலக்கினால் இல்லை, திருப்பினால் உண்டு. 2020 டிசம்பரில், ஆய்வு முடிவதற்குள் செய்தி பத்திரிகைக்குக் கசிந்துவிட்டது. உலகமெல்லாம் தலைப்புச் செய்தி. சோஃபியா ஷேக் தலைமையில் தரவுகளைத் தோண்டினார்கள். அதே உருவத்தில், வேறு அலைவரிசைகளில், டஜன் கணக்கில் கோடுகள் அகப்பட்டன. சில, டிஷ் நட்சத்திரத்தைப் பார்க்காதபோதும் இருந்தன. பூமியின் ஏதோ மின்னணுக் கருவி. 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கசிந்த செய்தியை வாசித்தவர்களில் எத்தனை பேர் அந்த முடிவை வாசித்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் முன்பாதிதான் சுற்றும். பின்பாதிக்குக் கால் கிடையாது.

*

டிரேக் 2022 செப்டம்பரில், 92 வயதில் காலமானார். 29 வயதில் பொய்க் குரல் ஒன்றைக் கேட்டு, அதைப் பொய் என்று தானே நிரூபித்த பிறகும், 60 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தேடலை அவர் விடவில்லை. கிடைக்காமலே போனார். நாம் இதுவரை தேடியது எவ்வளவு என்று சொல்ல ஜில் டார்ட்டர் ஓர் உவமை சொல்வார்: கடலில் மீன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டிருக்கிறோம். தம்ளரில் மீன் இல்லை என்பதற்காகக் கடலில் மீன் இல்லை என்று ஆகாது. இதற்குள் ஒரு எச்சரிக்கையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மீன் வேண்டும் என்ற ஆசையில், தம்ளரில் மிதக்கும் தூசியை மீன் என்று சொல்லிவிடக் கூடாது.

1989இல் இந்தத் துறையினர் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள், சமிக்ஞை கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று. உலகத்துக்குச் சொல்வது அதில் முதல் கடமை இல்லை. முதலில் சரிபார்க்க வேண்டும், இன்னொருவரை விட்டும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். டிரேக்கின் ஜன்னல் ஆன்டெனாவை விதியாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். என்றைக்காவது ஒருநாள் "கிடைச்சிருக்கு" என்று இவர்கள் சொன்னால் நான் நம்புவேன். இத்தனை தடவை இல்லை என்று சொன்னவர்கள் என்பதால்தான் நம்புவேன்.

இப்போதெல்லாம் யாராவது "ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டால், நான் வெறுமனே "இல்லை" என்று சொல்வதில்லை. "கிடைச்ச மாதிரி இருந்துச்சு. பார்த்தாங்க. நம்ம சத்தம்தான்னு தெரிஞ்சுது. திரும்பவும் கேட்டுட்டு இருக்காங்க" என்கிறேன்.